காத்திருப்போரும் அணியினரே

உதைபந்தாட்டத்தைப் பற்றித் தமிழாசிரியன் எழுதுவதா என நகைப்போர் இருக்கலாம். கல்முனையில் வாழ்பவனுக்குக் கடலோசையும் சந்தாங்கேணி மைதானத்து ஆரவாரமும் ஒருங்கே பழகியவை, ஆதலின் துணிந்தேன்.

இங்கிலாந்துக் கழகங்களுள் எதன் முன்னணி வரிசை சிறந்தது என்று நம் மாணவர் ஓயாது வாதிடுகின்றனர். மிகுதியாகக் கோல் அடித்தவர் பெயரையே அவர்கள் அளவுகோலாகக் கொள்கின்றனர். அவருக்குப் பின்னால் ஆயத்தமாய் நிற்போர் எத்தனை பேர் என்பதே தக்க அளவுகோல் என்பது என் துணிபு.

1999ஆம் ஆண்டு மே 26ஆந் திகதி பார்சலோனா நகரில் நிகழ்ந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில், தொண்ணூறு நிமிடம் கழிந்தும் மான்செஸ்டர் யுனைட்டட் ஒரு கோலாற் பின்தங்கியே நின்றது. மேலதிக நிமிடங்களில் ஷெரிங்ஹாம் ஒரு கோலும், சொல்ஷியார் ஒரு கோலும் அடித்துக் கிண்ணத்தை வென்று தந்தனர். இருவரும் இடையிற் புகுந்த மாற்று வீரர்கள்!

2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ ஆர்சனல் கழகத்தின் முன்னணியினர் ஒருவர்பின் ஒருவராய்க் காயமுற்றனர். நடுக்கள வீரராகிய மெரினோவே முன்னணியில் ஆடவேண்டியதாயிற்று. அவர் திறம்பட ஆடினார். ஆயினும் லிவர்பூல் முதலிடம் எய்த, ஆர்சனல் பத்துப் புள்ளிகள் பின்தங்கி இரண்டாமிடமே பெற்றது.

“இது பணம் படைத்தோர்க்கே இயலும்” என்பர் சிலர். 2016இல் லெஸ்டர் சிட்டி பெருஞ்செல்வக் கழகங்களை முந்தி வாகை சூடியதை அவர்கள் நினைக்க வேண்டும். அவ்வாண்டு 24 கோல்கள் அடித்த வார்டி, இறுதிக் கட்டத்தில் விளையாடத் தடைபெற்றார். அவரிடத்தில் இறங்கிய உள்ளோவா, சுவான்சி கழகத்துக்கு எதிராக இரு கோல்கள் அடிக்க, லெஸ்டர் 4–0 என வென்றது.

நம் பாடசாலைகளில் நிலை யாது? சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆட்டத்தைக் கண்டேன். முன்னணி வீரனின் கணுக்கால் பிசக, அப்பருவம் முழுவதும் ஒரு நிமிடமேனும் ஆடியிராத சிறுவனை இறக்கினர். கோல் கம்பத்தருகே வாய்த்த பந்தை அவன் தவறவிட்டான். கூட்டம் நகைத்தது. அதன்பின் அவனை நான் மைதானத்திற் கண்டதில்லை. பிழை அவனதன்று, அவனைப் பழக்காது விட்டோரது.

இங்கிலாந்துக் கழகப் போட்டிகளில் மாற்று வீரருக்கு 1965ஆம் ஆண்டிலேதான் முதன்முதல் இடமளித்தனர்; 2022 முதல் அந்நாட்டு முதற்றரப் போட்டியில் ஐவர் வரை இறங்கலாம். விதி அகன்றும் நம் மனம் அகலவில்லை.

பயிற்சி ஆட்டங்களிற் பாதி நேரத்தைக் காத்திருப்போர்க்கு ஒதுக்குவோம். பழைய மாணவ நண்பர்களே, சப்பாத்து வாங்கிக் கொடுக்கும்போது பதினொரு சோடியோடு நிறுத்தாதீர்கள். பன்னிரண்டாமவனின் காலும் நம் கல்லூரியின் காலே.