மதுரையில் ஒரு ராத்திரி

பிறந்த வீடு, பிரசவம், ஆஸ்பத்திரி, துக்க வீடு. இந்த நான்கும் இல்லாமல், வெறுமனே உங்கள் சந்தோஷத்துக்காக ஒரே ஒரு ராத்திரி வெளியில் தங்கியிருக்கிறீர்களா? கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் நான் தங்கியதில்லை. போன மாதம்தான் முதல் தடவை. அதுவும் லண்டனுக்கோ பாரீசுக்கோ இல்லை. எங்கள் பேரையூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிற மதுரைக்கு!

கல்லூரியில் கூடப் படித்தவர்கள் ஐந்து பேர் சேர்ந்து போட்ட திட்டம். கோரிப்பாளையத்தில் 1965-ல் ஆரம்பித்த மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியில் விலங்கியல் படித்தவர்கள் நாங்கள். பெயரெல்லாம் வேண்டாம், ஊரை வைத்தே சொல்கிறேன். சென்னைக்காரி பாங்க்கில் வேலை பார்க்கிறாள். தேனிக்காரிக்குக் கணவருடைய கடையில் கணக்கு. திண்டுக்கல்காரி ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். விருதுநகர்க்காரியும் நானும் வீட்டோடு.

சனிக்கிழமை போய் ஞாயிறு சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு. அத்தையிடம் சொன்னேன்.

“மதுரைக்குத்தானே? காலையில போயிட்டுப் பொழுது சாய வர வேண்டியதுதானே? ராத்திரி என்னத்துக்குத்தா?”

கேள்வி நியாயம்தான். எனக்கே பதில் தெரியவில்லை. என்னவர்தான், “போயிட்டு வரட்டும்மா, நாங்க என்ன பட்டினியா கிடக்கப் போறோம்?” என்றார். சொல்லிவிட்டு மறுநிமிஷமே, “மாவு அரைச்சு வெச்சிருவேல்ல?” என்றும் கேட்டார். மாவு மட்டுமா? புளிக்குழம்பு, இரண்டு வெஞ்சனம், பையனுக்கு முறுக்கு எல்லாம் தயார் செய்த பிறகே பஸ் ஏறினேன். பணத்துக்கு யாரிடமும் கை நீட்டவில்லை. 2023 செப்டம்பரில் ஆரம்பித்த மகளிர் உரிமைத் தொகையில் நாலு மாதப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். அது என் பணம் என்று நினைக்கும்போதே ஒரு தெம்பு வருகிறது, இல்லையா?

டி.கல்லுப்பட்டி, திருமங்கலம், திருப்பரங்குன்றம் என்று ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே போனேன். மடியில் குழந்தை இல்லை, காலடியில் அரிசி மூட்டை இல்லை. கை இரண்டும் சும்மா இருப்பதே விசித்திரமாக இருந்தது.

டவுன்ஹால் ரோடுப் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம். மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. முதல் மாடி ஏறுவதற்குள் விருதுநகர்க்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கல்லூரியில் எங்கள் கபடி டீமின் கேப்டன் அவள்தான்! ஹாஸ்டல் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவாள். “வயசாயிருச்சுடி” என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். எல்லாருமே ஒரு சுற்று பெருத்திருந்தோமே, அதனால் வித்தியாசமாகப் படவில்லை.

மத்தியானச் சாப்பாடு சிம்மக்கல் பக்கம் ஒரு மெஸ்ஸில். இலையைப் போட்டுவிட்டு, தட்டில் வரிசையாகக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு வந்து காட்டினார்கள்: மட்டன் சுக்கா, ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல், அயிரை மீன் குழம்பு. “உங்களுக்கு என்னம்மா வேணும்?” என்று பரிமாறுகிறவர் கேட்கிறார், எனக்கு வாய் வரவில்லை. பையனுக்கு என்ன பிடிக்கும், அவருக்கு என்ன பிடிக்கும், அத்தைக்கு எது ஒத்துக்கொள்ளாது எல்லாம் நாக்கு நுனியில் இருக்கிறது. எனக்கு? ஒரு நிமிஷம் யோசித்துத்தான் சுவரொட்டி என்றேன். அம்மா வீட்டில் தின்றது! வீட்டில் நான் கறி எடுக்கும்போதெல்லாம் அது பையன் தட்டுக்குத்தான் போகும். தேனிக்காரி, “நீயாவது சொன்ன. நான் பார்த்தியா, பழக்க தோஷத்துல புள்ளைக்குப் பிடிச்ச ஆம்லெட்டைச் சொல்லிட்டேன்” என்றாள். விருதுநகர்க்காரியோ ரசம் சோறு போதும் என்று ஒதுங்கிவிட்டாள்.

சாயங்காலம் கோயில். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்ததே, அந்த வருஷத்திலிருந்து உள்ளே செல்போன் கூடாது. வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மற்றவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கோ அந்த இரண்டு மணி நேரம் பெருமாள் மிட்டாய் கிடைத்த மாதிரி. கல்கண்டு எங்கே இருக்கிறது, யூனிபாரம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்க முடியாதே! பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து, ஹாஸ்டல் வார்டனிலிருந்து ஆரம்பித்து ஒருவரையும் விடவில்லை. வெளியே வந்து புது மண்டபத்தில் ரவிக்கை தைக்கக் கொடுக்கலாம் என்று பார்த்தால், கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. நம் காலத்து மதுரை கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

ராத்திரி கறி தோசை. தோசைக்கு மேல் முட்டை, அதற்கு மேல் கொத்துக்கறி வைத்துக் கனமாகத் திருப்பிப் போடுவார்கள். ஒன்றை முடிக்க இரண்டு பேர் வேண்டும். அதற்குப் பிறகு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், ஊறின பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்க்ரீம். வயிற்றில் இடமில்லை என்று சொன்னவர்கள்தான் முதலில் தம்ளரைக் காலி செய்தார்கள்! விருதுநகர்க்காரி மட்டும் பக்கத்துச் சர்பத் கடையில் நாலு ஐஸ் துண்டு வாங்கி, கடக் கடக்கென்று கடித்துத் தின்றாள். திண்டுக்கல்காரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

ரூமுக்கு வந்து, தரையில் பெட்ஷீட்டை விரித்து ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்தோம். பேச்சு நடுவில் விருதுநகர்க்காரி கைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து எதையோ வாயில் போட்டாள். பச்சரிசி! “ஏண்டி, உனக்குக் கல்யாணம் முடிஞ்சு போச்சுடி. இனிமே எந்தக் கல்யாணத்துல மழை பெய்யப் போகுது?” என்று ஒரே சிரிப்பு. திண்டுக்கல்காரி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் அவள் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். எங்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தது.

“எத்தனை நாளா அரிசி திங்கிற?”

“ரெண்டு வருஷம் இருக்கும். வாய் கேக்குதுடி, என்ன பண்ண?”

“மாசாமாசம் எத்தனை நாள் போகுது?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எட்டு நாள், ஒன்பது நாள். கட்டி கட்டியாகப் போகிறது என்றாள். அதன் பிறகு அணை உடைந்த மாதிரி எல்லாம் வந்தது. காலையில் எழுந்திருக்க முடியவில்லை. துணி துவைத்தால் படபடக்கிறது. மத்தியானம் அரை மணி படுத்தால், “சோம்பேறி. தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்துக்கிறா” என்று வீட்டில் பேச்சு. “நானே அப்படித்தான்டி நினைச்சேன். நான்தான் சோம்பேறி ஆயிட்டேன்னு” என்றாள். எங்கள் கபடி கேப்டன்! யாருக்கும் அப்புறம் பேச்சு எழவில்லை.

ஞாயிறு காலை சுங்குடிச் சேலை வாங்கப் போவதாகத் திட்டம். அதற்கு முன் திறந்திருந்த ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனோம். அவள் வரவே மாட்டேன் என்றாள். “அஞ்சு பேரும் குடுப்போம்” என்று சென்னைக்காரி சொன்னதும்தான் நடந்தாள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. எனக்கு 10.9. தேனிக்காரிக்கு 11.2. மற்ற இருவர் தேவலை. விருதுநகர்க்காரிக்கு 7.8. எட்டுக்குக் கீழே போனால் அது கடுமையான ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்திருக்கிறது. ஐந்து பேரில் மூன்று பேர் என்று எங்கள் கணக்கும் அதை ஒட்டியே வந்துவிட்டது.

அரிசி, ஐஸ், சாம்பல், சுவர் மண் என்று கண்டதைத் தின்னத் தோன்றுவதே இரும்புச்சத்துக் குறைவுக்கு ஓர் அடையாளம் என்று திண்டுக்கல்காரி சொன்னாள். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது கண்ணுக்கு மட்டுமே நியாயம். அந்தச் சிவப்புக்கும் இரும்புச்சத்துக்கும் சம்பந்தமில்லை. ஈரல், சுவரொட்டி, ஆட்டுக்கறியில் இருக்கிற இரும்புச்சத்து சுலபமாக உடம்பில் சேரும். சைவக்காரர்கள் கீரை, பயறு, கேழ்வரகு, எள் சாப்பிடும்போது கூடவே எலுமிச்சையோ நெல்லியோ கொய்யாவோ சேர்த்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ, காப்பி குடித்தால் சேர வேண்டிய சத்து சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். நான் இதுநாள்வரை கீரைச் சாதத்தை விழுங்கிவிட்டு உடனே டீ டம்ளரைத் தூக்கினவள்!

ஆனால் 7.8-ஐ வெறும் கீரையால் தூக்க முடியாது. ஏன் குறைந்தது என்றும் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டை அவள் வீட்டுக்காரருக்கு யார் சொல்வது என்று ஒரு போராட்டம். அவள் போனை எடுக்கிறாள், வைக்கிறாள். கடைசியில் சென்னைக்காரி வாங்கி, “அண்ணே, உங்க பொண்டாட்டி சோம்பேறி இல்ல. உடம்புல பாதி ரத்தம் இல்லாமத்தான் உங்க வீட்டு வேலை அத்தனையும் செஞ்சிருக்கா” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், “நான் கிளம்பி வரட்டுமா?” என்றாராம்.

சுங்குடி வாங்காமலா இருந்தோம்? ஆளுக்கு ஒன்று வாங்கினோம். பஸ் ஏறும் முன் சுக்கும் கருப்பட்டியும் மணக்கிற பருத்திப்பாலும் குடித்தோம். ஐஸ் பெட்டிப் பக்கம் போன விருதுநகர்க்காரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தோம். நான் வீடு வந்து சேர்ந்தபோது மாவு அப்படியே இருந்தது. அப்பாவும் பிள்ளையும் இரண்டு வேளையும் பரோட்டா!

அவளுக்கு ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்ன நார்க்கட்டி தெரிந்தது. புற்று இல்லை. அதற்கு மருந்து நடக்கிறது. இரும்புச்சத்தை முதலில் நரம்பு வழியாக ஏற்றினார்கள், இப்போது மாத்திரை. மலம் கறுப்பாகப் போகும், கொஞ்சம் மலச்சிக்கல் வரும், பயந்து நிறுத்திவிடாதே, ரத்த அளவு சரியான பிறகும் மூன்று மாதம் விழுங்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எனக்கும் எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகவே கொடுத்தார்கள். அத்தையையும் அழைத்துப் போய் ரத்தம் பார்த்தேன். அவருக்கு 10.1. “எனக்கு எதுக்குத்தா இதெல்லாம்?” என்றவர், இப்போது ராத்திரி ஆனால் மாத்திரை டப்பாவோடு என்னைத் தேடி வருகிறார்.

நேற்று விருதுநகர்க்காரி போன் செய்தாள். “ஏண்டி, பச்சரிசி டப்பாவைத் திறந்து ஒரு வாய் போட்டேன். மண்ணைத் தின்ன மாதிரி இருக்குடி! துப்பிட்டேன்” என்றாள். பின்னாலிருந்து அவள் வீட்டுக்காரர், அடுத்த தடவை எப்போது மதுரை என்று கேட்கச் சொன்னார். ஈரல் வாங்கி வரச் சொல்லவாம்.