தாங்குவது வேறு, வேண்டுவது வேறு: பீச் ரகங்களும் ஒற்றை எண்ணின் மயக்கமும்

மும்பை சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.4 பாகை செல்சியஸ், ஆண்டு 1962. பீச் மரத்தின் குளிர்த் தேவையைக் கணக்கிடும் பழைய முறையோ 7.2 பாகைக்குக் கீழே கழியும் மணிகளை மட்டுமே எண்ணும். அந்த நிலையத்தின் பதிவைக் கொண்டு பார்த்தால், அருகிலுள்ள தாராவிக்கு ஒரு மணிநேரக் குளிர்கூடத் தேறாது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து 1964இல் வெளிவந்த ‘ரிலையன்ஸ்’ கடுங்குளிர் தாங்குவதில் பெயர்பெற்ற பீச் ரகம். அதைத் தாராவியில் நட்டால் குளிரால் சாகாது. ஆனால் போதிய குளிர் கிடைக்காமல் அதன் மொட்டுகள் உறக்கம் கலையாது. பூவும் காயும் பொய்த்துப்போகும்.

இந்த எளிய வேறுபாட்டை மறந்துவிட்டே ‘பீச் குளிர்நாட்டுப் பயிர், ஆகவே குளிர் தாங்கும் ரகமே மலைக்கு ஏற்றது’ என்ற வாதம் எழுகிறது. கேட்பதற்கு அறிவியல்போல் ஒலிக்கும் இவ்வாதம் இரு வேறு பண்புகளை ஒன்றாகக் குழப்புகிறது. குளிர் தாங்குதிறன் என்பது உறைநிலையில் திசு சாகாமல் தப்பும் ஆற்றல். குளிர்த் தேவை என்பது உறக்கம் கலைய மொட்டு கேட்கும் குளிரின் அளவு. ஒன்றில் மிகுந்த ரகம் மற்றொன்றிலும் பொருந்தும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

தாங்குதிறனும் ஒரு ரகத்தின் நெற்றியில் எழுதப்பட்ட நிலையான எண் அன்று. ஆழ்ந்த உறக்கத்திலுள்ள பூமொட்டு தன்னுள் இருக்கும் நீரை உறையவிடாமல் மீக்குளிர் நிலையில் வைத்துக்கொண்டு, உறைநிலைக்கு வெகு கீழான குளிரிலும் பிழைக்கிறது. அதே மொட்டு உப்பத் தொடங்கியதும் அந்தக் காப்பு படிப்படியாகத் தளர்கிறது. முழுமலர்ச்சியில் ஏறத்தாழ −2.8 பாகையிலேயே பத்தில் ஒரு பங்கு பூக்கள் கருகுகின்றன, −4.4 பாகையில் பத்தில் ஒன்பது பங்கு அழிகின்றன. ஆகவே ‘இந்த ரகம் எத்தனை பாகை தாங்கும்?’ என்ற கேள்வி அரைக் கேள்வியே. ‘எந்த நாளில், மொட்டின் எந்தப் பருவத்தில்?’ என்பது சேர்ந்தால்தான் அது முழுமை பெறும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் பீச்சுக்குப் பெயர்போனது. அங்கே 2023இல் விளைச்சலில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. அந்தக் குளிர்காலம் கடுமையானது அன்று, இதமானது. மரங்களுக்குப் போதிய குளிர் கிடைக்கவில்லை. முன்கூட்டியே மலர்ந்த பூக்களை மார்ச் உறைபனி கருக்கியது. வெப்பம் கூடினால் குளிர்ச்சேதம் குறையும் என்று எண்ணுவோர்க்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இப்பாடம் இன்னும் கூர்மையாகப் பொருந்தும். அங்கே குளிர்த் தேவை மிகுந்த ரகங்கள் சரிவர மலர்வதில்லை. ஆகவே ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ‘ஃப்ளோர்டா’ வரிசை போன்ற, குறைந்த குளிரே போதும் ரகங்களை நாடுவது நியாயம். ஆனால் விரைவில் உறக்கம் கலையும் மரம் விரைவில் ஆபத்துக்கும் ஆளாகும். உதகைப் பள்ளத்தாக்குகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி படிவதுண்டு. இரவில் கனத்த குளிர்காற்று சரிவிலிருந்து இறங்கித் தாழ்விடத்தில் தேங்குவதால், மேட்டில் தப்பும் பூ பள்ளத்தில் கருகும். புல்வெளியில் முளைக்கும் சோலைமரக் கன்றுகளை உறைபனி கொல்வதைக் கண்டவர்க்கு இது புதிதன்று. ஊரின் சராசரி வெப்பநிலையைக் கொண்டு தோட்டத்துக்கு ரகம் பரிந்துரைப்பது, இந்த மேடுபள்ளத்தை அறியாதவர் செய்யும் வேலை.

இங்குள்ள பகல்வெயிலும் கணக்கைக் குலைக்கிறது. இரவில் சேரும் குளிரின் பயனை நண்பகல் வெப்பம் ஓரளவு அழித்துவிடும். இஸ்ரேலின் இதமான குளிர்காலத்தை எதிர்கொண்ட ஆய்வாளர்கள் 1980களில் உருவாக்கிய இயங்குநிலை மாதிரி இவ்வழிவையும் கணக்கில் கொள்கிறது. வெப்பமண்டல மலைகளில் 7.2 பாகை மணிக்கணக்கை மட்டும் ஓதிக்கொண்டிருப்பது எளிமை அன்று, சோம்பல்.

உழவருக்கு ஓர் எண் போதும், நுணுக்கம் அவரைக் குழப்பும் என்று சிலர் மறுக்கக்கூடும். தன் நிலத்தில் எந்தப் பள்ளத்தில் பனி தேங்கும் என்பதை அறிந்தவர் உழவர்தாம். அவரைக் குழப்புவது நுணுக்கம் அன்று. பிற நாட்டிலிருந்து பெயர்த்தெடுத்த எண்ணை உள்ளூர் உண்மையாக நீட்டும் பரிந்துரைதான்.

ஆகவே ரகத் தேர்வு பற்றிய ஒவ்வோர் ஆய்வேடும் குறைந்தது மூன்றைச் சொல்லியாக வேண்டும்: பல ஆண்டுகளின் மலர்ச்சித் தேதிகள், மொட்டின் உயரத்தில் அளந்த இரவு வெப்பநிலை, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தனித்தனிச் சேதக் கணக்கு. இவை இல்லாத அட்டவணை ஆய்வாளருக்குப் பட்டம் தரலாம். அதை நம்பி நட்டவரோ தவறைக் கண்டறியவே மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளை அவருக்குத் திருப்பித் தர எந்த ஆய்வுக்குழுவாலும் இயலாது.