கார் வைத்திருப்பவர் நடந்து வருவாரா?

சித்திரகுப்தன் என்றொரு கணக்கன் இருக்கிறானாம்! மேலுலகில் ஏடும் எழுத்தாணியுமாக அமர்ந்து, எவன் எவனைக் கொன்றான், எவன் அதைக் கண்டும் காணாதவன்போல் கதவைச் சாத்திக்கொண்டான் என்பதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி வைக்கிறானாம். ஆகவே பூமியில் உள்ளோர் கவலையின்றி உறங்கலாமாம்! இந்தக் கதையால் பிழைத்தவர் யார்? கொலையுண்டவரா, கொன்றவரா? கணக்கு அங்கே இருக்கிறது, அங்கே இருக்கிறது என்று சொல்லியே இங்கே கணக்குக் கேட்கும் வாயை அடைத்தனர்.

கணக்கை இங்கேயே எழுதிவிடுவது என்று புறப்பட்டார் ஒருவர். லூக் ஹாலண்ட் என்பது பெயர். பிரிட்டனைச் சேர்ந்த ஆவணப்படக் கலைஞர். அவருடைய தாய் வியன்னாவிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். தாயைப் பெற்றவர்கள் நாஜிகளால் கொல்லப்பட்டனர். 2008-இல் தொடங்கிப் பத்தாண்டுக் காலம் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அலைந்து, கொலைப்படையில் இருந்தவர்கள், முகாமைக் காத்தவர்கள், முகாமுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் என 250 பேருக்கு மேல் பேட்டி கண்டார். எல்லோரும் தள்ளாத வயதினர். 'இறுதிக் கணக்கு' என்று பொருள்படும் பெயரில் அந்தப் படம் 2020-இல் திரையேறியபோது அவர் உயிரோடில்லை.

அந்த முதியவர்கள் என்ன சொன்னார்கள்? தெரியாது என்றார் சிலர். தெரியும், ஆனால் என்ன செய்ய முடியும் என்றார் சிலர். இட்லரின் கொள்கை சரிதான் என்று இன்னமும் சாதித்தார் ஒருவர். ஒரே ஒருவரை மட்டும் நாம் தனியே குறிப்பிட வேண்டும். யூதரை அழிக்கும் திட்டத்தை 1942-இல் அதிகாரிகள் கூடி வகுத்த வான்சே மாளிகையிலேயே, இளைஞர்கள் நடுவே உட்கார்ந்து, தான் இருந்த படைக்காக வெட்கப்படுகிறேன் என்றார் அந்தப் பழைய போர்வீரர். உடனே ஓர் இளைஞன் சீறினான்: சொந்த நாட்டை எண்ணி ஏன் வெட்கப்பட வேண்டும் என்று! கிழவர் திருந்திவிட்டார், பேரன் திருந்தவில்லை! பழம்புண்ணைக் கிளறாதே என்று நமக்கு உபதேசம் செய்வோர் அந்தக் காட்சியைப் பார்க்கட்டும். மூடி வைத்த புண் எங்கே போய்ப் பழுக்கிறது என்பது விளங்கும்.

குருசுக்குப்பத்துக் கடற்கரையில் மாலையில் கூடும் தோழர்களிடம் இதை நாம் சொன்னபோது ஒருவர் கேட்டார்: "ஐயா, ஜெர்மானியன் கதை நமக்கு எதற்கு?" நியாயமான கேள்வி. பதில் கீழவெண்மணியில் இருக்கிறது.

1968 டிசம்பர் 25. கீழ்த்தஞ்சைச் சீமை. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட ஆதிதிராவிட உழவுத் தொழிலாளரின் சேரிக்குள் நிலக்கிழாரின் அடியாட்கள் புகுந்தனர். தப்பி ஓட முடியாத பெண்டிர், பிள்ளைகள், முதியோர் இராமையாவின் குடிசையில் ஒதுங்கினர். குடிசை எரிந்தது. 44 உயிர்கள் கரியாயின. அன்று கோட்டையில் இருந்தது அண்ணாவின் அரசு. ஆம், நம் இயக்கத்தின் அரசு! அதைச் சொல்லக் கூசுகிறவர்கள் வெண்மணியைப் பற்றிப் பேசாமலிருப்பதே மேல்.

வழக்கு நடந்தது. 1970-இல் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட எண்மருக்குக் கீழ் நீதிமன்றம் பத்தாண்டுக் கடுங்காவல் விதித்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று உலக நீதி வரலாற்றிலேயே பொறிக்கத்தக்கது. இவர்கள் பெரும் பண்ணையார்கள். ஒருவர் காரும் வைத்திருக்கிறார். இத்தகையோர் ஏவலாள் துணையின்றித் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லையாம்!

காருக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்! மனு எழுதிய நீதி மாண்டுவிட்டது என்று யார் சொன்னது? அது கார் ஏறி வந்தது, அவ்வளவுதான்.

இதன் பக்கத்தில் வேறொரு தீர்ப்பை வைத்துப் பார்ப்போம். ஸ்டுட்ஹோஃப் முகாம் அலுவலகத்தில் தட்டச்சு செய்த இர்ம்கார்ட் ஃபுர்க்னர் என்ற பெண்ணை, 10,505 கொலைகளுக்குத் துணைநின்றதற்காக 2022-இல் ஜெர்மானிய நீதிமன்றம் குற்றவாளி என்றது. அப்போது அவருக்கு வயது 97. முகாமில் வேலை செய்தபோது 18, 19 என்பதால் சிறார் நீதிமன்றத்தில் விசாரணை! இரண்டாண்டுத் தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. சிறைக்கு அனுப்புவது அங்கே நோக்கமன்று. தட்டச்சுப் பொறியும் கொலைக் கருவியாகும் என்று ஏட்டில் ஏற வேண்டும், ஏறியது.

குளோத் லான்ஸ்மன் 1985-இல் வெளியிட்ட 'ஷோவா' என்னும் ஒன்பதரை மணி நேரப் படத்தில் இரயில்வே அதிகாரி ஒருவர் வருகிறார். சாவு முகாம்களுக்கு வண்டி விட்ட அலுவலகம் அவருடையது. தான் மேசையை விட்டு நகரவில்லை, வண்டி நேரம் குறித்ததோடு சரி என்கிறார். அவரை நாம் எங்கோ பார்த்திருக்கிறோமல்லவா? பண்ணைக் கணக்குப்பிள்ளையாக, காவல் நிலையத்து எழுத்தராக, "நான் அன்று ஊரில் இல்லை" என்னும் பெரிய மனிதராக நம் ஊர்களில் அவர் நடமாடவில்லையா?

வெண்மணியில் வெந்தவர்களைப் பாடினோம், நினைவுத்தூண் எழுப்பினோம், பாரதி கிருஷ்ணகுமார் 2005-இல் 'இராமையாவின் குடிசை' என்ற ஆவணப்படம் எடுத்தார். அவை வேண்டியவையே. ஆனால் தீ வைத்தவன் மனத்தை யார் திறந்தார்கள்? இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977-இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. பண்ணையாரின் கொடுமைக்கு அது காட்டிய காரணம் என்ன? அவருடைய ஆண்மைக்குறைவு! சாதியும் நிலமும் செய்த கொலையை ஓர் உடம்பின் ஊனத்தில் ஏற்றிவிட்டால், உடன் வந்தவர்கள் எல்லாம் தப்பித்துக்கொள்வார்கள். அத்தனை பேருக்குமா அந்தக் குறை?

1980-இல் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். கணக்குத் தீர்ந்தது என்று மகிழ்ந்தவர் உண்டு. நாம் மகிழ்வதற்கில்லை. பிணம் பதில் சொல்லாது. அந்த வாய்க்குள் இருந்த 44 பேரின் கணக்கும் அதோடு எரிந்துபோயிற்று.

நம் புதுச்சேரியிலோ கதவே அடைபட்டுவிட்டது. 1936 ஜூலை 30-இல் சவானா ஆலைத் தொழிலாளர் 12 பேரைப் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கி பலிகொண்டது. ஆண்டுதோறும் மாலை சூட்டுகிறோம். விசையை இழுத்த விரல்கள் எவருடையவை? இனி யாரைக் கேட்பது?

வெண்மணிக்கு அந்தக் கதி இன்னும் வந்துவிடவில்லை. அன்று இருபது வயதாயிருந்தவர் இன்று எழுபத்தைந்தைக் கடந்தவர். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். தாத்தா என்று பேரப்பிள்ளைகள் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். கிழவரை வாட்டலாமா என்பர். வாட்ட வேண்டாம்; கேட்போம். தோழர்களே, உங்கள் சட்டைப்பையிலேயே ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. நாகைப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் முதலில் புறப்படலாம். வாதாட வேண்டாம், வசைபாட வேண்டாம். அந்த இரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வெளிச்சம் எந்தத் திசையில் தெரிந்தது? அலறல் கேட்டதா? மறுநாள் காலை வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? களத்து வேலைக்கு அன்று யார் வந்தார்கள்?