கதவுக்குள் மறைந்த செம்பு

கண்ணுக்குத் தோன்றும் பகுதியைச் செவ்வனே செய்தலும், தோன்றாப் பகுதியை ஏனோதானோவென்று செய்தலும் மாந்தரிடம் காணப்படும் பழங்குறைகளுள் ஒன்றாம். மாடத்தை நோக்கி வியப்போர் பலர். அடித்தளத்தைப் பற்றி வினவுவோர் மிகச் சிலர். இக்குறை, மின்னாற்றலைப் பகிர்ந்தளிக்கும் பேனல்களில் எத்தகைய கேட்டை விளைக்கின்றது என்பதைக் குறித்துத் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் எழுதப் புகுதல் சிலர்க்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் எழுதத் தூண்டிய காரணம் என் வீட்டிலேயே உள்ளது.

என் சிற்றப்பனார் கடற்கரையை அடுத்த ஐஸ் ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர். சில ஆண்டுகட்கு முன் ஓரிரவு, மோட்டாரை முடுக்கும்பொருட்டுப் பேனலின் முன் சென்று நின்றார். உள்ளே இடியொத்த ஓசை எழுந்தது, கதவு பிய்ந்தது, தீப்பிழம்பு அவர்தம் கைகளைத் தீய்த்தது. உயிர் பிழைத்தார், ஆனால் வலக்கை விரல்கள் இன்றும் முழுதும் மடங்குவதில்லை. மறுநாள் வந்த மின்பணியாளர் எங்கட்குக் காட்டியவை இரண்டு: இணைப்பில் தளர்ந்து கருகிக் கிடந்த போல்ட் ஒன்று, வரைபடத்தில் குறித்த அளவினும் மெலிந்திருந்த பட்டை ஒன்று. அப்பட்டையே இக்கட்டுரையின் பொருள்.

பேனலுக்குள் நுழையும் மின்னோட்டத்தை ஏற்றுக் கிளைகள் அனைத்திற்கும் பகிர்ந்தளிக்கும் செம்பு அல்லது அலுமினியப் பட்டையைத் தொழிலாளர் ‘பஸ்பார்’ என்பர். வீதியில் ஓடும் பஸ்ஸுக்கும் இதற்கும் பெயருறவு உண்டு. இரண்டும் ‘ஆம்னிபஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் சிதைவுகளே. ‘எல்லார்க்கும்’ என்பது அதன் பொருள். பெயருக்கேற்ப, ஆலையிலுள்ள மோட்டார், விளக்கு, பம்பு யாவும் இவ்வொரு பட்டையை நம்பியே இயங்குகின்றன.

தூத்துக்குடியில் உப்பு ஆலையின் தேவை வேறு; ஐஸ் ஆலையின் தேவை வேறு; துறைமுகத்துக் கிடங்கின் தேவை வேறு. ஆதலின், தையற்காரர் ஆளை அளந்து சட்டை தைப்பதுபோல், ஒவ்வோர் இடத்திற்கும் அளவறிந்து பேனல் செய்விக்கப்படுகின்றது. முறை நன்றே. ஆனால் அளவெடுப்போருட் பலர் மோட்டாரை அளக்கின்றனர், ஊரை அளப்பதில்லை. இதுவே என் குற்றச்சாட்டு.

‘ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு இத்தனை ஆம்பியர் தாங்கும்’ என்னும் வாய்ப்பாடு ஒன்றைக்கொண்டே பட்டையின் அளவைத் தீர்மானிப்போர் உளர். பட்டை எவ்வளவு சுமக்கும் என்பது அதன் கனத்தை மட்டும் பொறுத்ததன்று. தன்னிடம் பிறக்கும் வெப்பத்தை அஃது எவ்வாறு வெளியேற்றுகின்றது என்பதையும் பொறுத்தது. மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்காகும். படுக்க வைத்த பட்டையினும் விளிம்பின்மேல் நிறுத்திய பட்டை எளிதிற் குளிரும். காற்று அதன் இருபுறமும் தழுவி மேலெழுமன்றோ? ஒரு பட்டைக்கு அருகில் மற்றொன்றை வைத்தால் தாங்குதிறன் இரட்டிக்கும் என்று கருதுதலும் பிழை. நெருங்கி நிற்கும் இரண்டும் ஒன்றையொன்று சுடும்.

இனி ஊரின் இயல்பைக் காண்போம். இத்தகைய பேனல்கட்கு நம் நாடும் ஏற்றுக்கொண்டுள்ள ஐ.இ.சி. 61439 என்னும் தரவிதி, சூழ்ந்துள்ள காற்றின் வெப்பம் 40 பாகைக்கு மேற்படாது, ஒரு நாளின் சராசரியும் 35 பாகைக்கு மேற்படாது என்னும் நிலையைப் பொதுவாகக் கொள்கின்றது. சித்திரை வைகாசியில், தகரக் கூரையின் கீழ், மோட்டார்களின் நடுவே நிற்கும் பேனலுக்கு இவ்வரம்பு பொருந்துமா? பொருந்தாதெனின், அப்பட்டையின்மேல் ஏற்றும் சுமையைக் குறைத்தல் வேண்டும். அன்றேல் பட்டையைப் பெரிதாக்குதல் வேண்டும்.

வெப்பத்தோடு உப்பும் சேர்கின்றது. நம்மூர்க்குச் சோறிடும் உப்பே நம்மூர் உலோகத்தைத் தின்கின்றது. கடற்காற்றில் வரும் உப்பீரம் பட்டையைத் தாங்கும் காப்புக்கட்டைகளின்மேற் படிந்தால், மின்சாரம் அதன்மேல் ஊர்ந்து செல்ல வழி பிறக்கும். செம்பும் அலுமினியமும் நேரே தொடும் இடத்தில் அது சேர்ந்தால் அலுமினியம் அரிபட்டுப்போம். இதற்கஞ்சிப் பேனலின் துளைகளையெல்லாம் அடைத்துவிட்டாலோ, உப்பு வெளியே நிற்கும். வெப்பம் உள்ளே நிற்கும். நம் கடற்கரைக்கே உரிய இடுக்கண் இதுவாகும். காற்று புக விட்டால் அரிப்பு, அடைத்தால் புழுக்கம். அடைத்த பெட்டிக்குள் இருப்பதற்கென்றே கணக்கிட்ட பெரிய பட்டையும், நம் பாட்டிமார் செப்புப் பாத்திரத்திற்குக் கலாய் பூசியதுபோன்ற வெள்ளீயப் பூச்சும், காப்புக்கட்டைகளின் மேற்பரப்பில் நீண்ட இடைவெளியும் அமைப்பதே இதற்கு மருந்து.

‘ஷார்ட்’ என்று தொழிலாளர் கூறும் குறுஞ்சுற்று நேரும்பொழுது நிகழ்வதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 415 வோல்ட்டில் 500 கே.வி.ஏ. மின்மாற்றி இயல்பாகத் தருவது ஏறத்தாழ 700 ஆம்பியர். அதன் உள்தடை நூற்றுக்கு ஐந்தெனக் கொண்டால், குறுஞ்சுற்றில் பாய்வது ஏறத்தாழ 14,000 ஆம்பியர். முதல் நொடியின் ஒரு சிறு கூற்றில் அதன் உச்சம் 28,000 வரை எழும். 6 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரு பட்டைகளை, அவ்வேளையில், மீட்டர் ஒன்றுக்கு 260 கிலோகிராம் எடைக்கு ஒத்த விசை உந்தும். தாங்குகட்டைகள் அருகருகே வலுவாக அமையாவிடின் பட்டை வளையும், கட்டை உடையும். ‘தாழ் மின்னழுத்தம்’ என்னும் பெயரைக் கேட்டு ஏமாறுதல் கூடாது. தாழ்ந்தது அழுத்தமே, ஆபத்தன்று.

‘செம்பு விலையேறிவிட்டது, இவ்வளவும் செய்தால் எவர் வாங்குவர்?’ என்று செய்வோர் கேட்கின்றனர். நியாயமான வினா. குறைந்த விலை கூறுவோர்க்கே வேலையைக் கொடுக்கும் உரிமையாளர்க்கும் இக்குற்றத்தில் பங்குண்டு. செம்பே வேண்டும் என்று யான் பிடிவாதம் செய்யவில்லை. அலுமினியம் மின்னைக் கடத்துவதில் செம்பின் ஐந்தில் மூன்று பங்கே திறனுடையதாயினும், எடையில் மூன்றில் ஒரு பங்கினும் குறைந்தது. அளவைத் தக்கவாறு பெருக்கி, இணைப்பைத் தக்கவாறு அமைத்தால் அதுவும் நன்கு உழைக்கும். குற்றம் உலோகத்தில் இல்லை. வரைபடத்தில் ஒன்று எழுதிப் பெட்டிக்குள் மற்றொன்று வைப்பதிலேயே உள்ளது. மேலும், செம்பு உருக்காலையை எதிர்த்தெழுந்த போராட்டத்தில் 2018-ஆம் ஆண்டு மே மாதம் துப்பாக்கிச் சூட்டினால் 13 பேர் மாண்ட ஊர் இது. செம்பின் விலை ரூபாயில் மட்டும் அளக்கப்படுவதன்று என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

முற்காலத்தில் இக்கடலில் முத்துக் குளித்தோர், படகில் நின்று கயிறு பிடிப்பவனை நம்பியே நீருள் மூழ்கினர். அடியில் இருப்பவன் மேலிருப்பவன் முகத்தைக் காணான்; கயிற்றை மட்டுமே அறிவான். பேனலின் முன் நிற்கும் தொழிலாளியின் நிலையும் அதுவே. கதவுக்குப் பின்னுள்ள செம்பை அவன் காணான். அதை அளந்தவரையும் இறுக்கியவரையும் நம்பிக் கைப்பிடியைத் திருப்புகின்றான். அந்நம்பிக்கையை விற்று இலாபம் காணல் அறமாகுமோ?

ஆகவே, பேனல் வாங்குவோர் பணம் கொடுக்குமுன் கதவைத் திறக்கச் சொல்லி மூன்று கேள்விகளைக் கேட்பாராக. இப்பட்டை வரைபடத்தில் குறித்த அளவினதா? இவ்வூரின் வெப்பத்திற்கும் அடைத்த பெட்டிக்கும் கணக்கிட்டதா? ஒவ்வொரு போல்ட்டும் இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானரால் இறுக்கப்பட்டதா? பின்னர், ஆண்டுதோறும் ஒருமுறையேனும் வெப்பத்தைப் படம்பிடிக்கும் கருவியால் இணைப்புகளைச் சோதிக்கச் செய்வாராக. தளரும் இணைப்பு வெடிக்குமுன் சூடேறித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

தமிழ் மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. என் சிற்றப்பனார் திறந்த பேனலின்மேல் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது. ஆனால் அவர் படிக்க இயலாத ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. செம்பை மறைத்தது இரும்புக் கதவு மட்டுமன்று. மொழியும் ஒரு கதவாய் நின்று மறைத்தது. இரும்புக் கதவைத் திறத்தல் பொறியாளர் கடன். மற்றக் கதவைத் திறத்தல் நம் கடன்.