மான் பார்க்கப் போறீங்களா? அந்த ஜெர்கினைக் கழட்டி வைங்க

எங்க ஊர் ராஜபாளையம். எங்களுக்கும் குளிருக்கும் ரொம்ப தூரம். மார்கழி விடிகாலையில கோலம் போட வர்ற பாட்டிங்க தலையில துண்டைச் சுத்திக்கிட்டா, அதுதான் எங்க பனிக்காலம். பக்கத்துல ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் கோயிலுக்கு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் போனா "என்ன தம்பி, உடம்பு சுகமில்லையா?"ன்னு கேப்பாங்க. அப்பேர்ப்பட்ட ஊர்க்காரன், குளிர்கால மான் வேட்டைக்கு என்ன துணி உடுத்தணும்னு எழுத வந்திருக்கேன். சிரிக்காம படிங்க மக்களே, விஷயம் இருக்கு.

சில வருஷம் முன்னாடி ஆன்சைட்னு சொல்லி என்னை அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துக்கு அனுப்பினாங்க. அங்க நவம்பர் கடைசியில ஒன்பது நாள் துப்பாக்கி மான் வேட்டை சீசன். நம்ம ஊர்ல தீபாவளிக்கு ஆபீஸ் காலியாகிற மாதிரி அங்க அதுக்குக் காலியாகும். டீம்ல இருந்த ஒரு பெரியவர், வயசு ஐம்பதுக்கு மேல, "சும்மா கூட வந்து உக்காரு, சுட வேண்டாம்"னு கூப்பிட்டார். மறுக்கத் தோணலை. ஏன்னா எங்க தாத்தா ஒரு காலத்துல வேட்டைக்குப் போனவர். அவர் கதை கேட்டு வளந்த எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நமைச்சல்.

நான் போட்டுக்கிட்டுப் போனது சென்னையில வாங்கின நைலான் ஜெர்கின். மழை புகாது, காத்து புகாது, விலையும் ஜாஸ்தி. அதுக்கு மேல ஆரஞ்சு கலர்ல பளபளன்னு ஒரு பிளாஸ்டிக் மேல்சட்டை. அந்த மாநிலத்துச் சட்டப்படி துப்பாக்கி சீசன்ல இடுப்புக்கு மேல தெரியுற உடுப்புல பாதியாவது கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சா இருக்கணும். 2016-லேருந்து பளீர் பிங்க்கும் சரின்னு சொல்லிட்டாங்க. ஒரு வேட்டைக்காரன் இன்னொருத்தனை மான்னு நினைச்சு சுட்டுடக் கூடாதுன்னு இந்த ஏற்பாடு.

"இவ்ளோ ஆரஞ்சு போட்டா மான் ஓடிடாதா?"ன்னு கேட்டேன். ஓடாதாம். நம்ம கண்ணுல மூணு வகை நிற உணரி. மானுக்கு ரெண்டுதான். நீலம் நல்லாத் தெரியும், பச்சை மஞ்சள் தெரியும், ஆரஞ்சும் சிவப்பும் மங்கலாப் போயிடும். நமக்குப் பத்தி எரியுற மாதிரி தெரியுற ஆரஞ்சு அதுக்கு ஏதோ காஞ்ச இலை மாதிரி. ஆனா நம்ம சாப்ட்வேர்காரங்க தேசிய உடை ப்ளூ ஜீன்ஸ் இருக்கே, அது மானுக்குத் தூரத்துலயே தெரியும்! துணியை வெளுப்பாக் காட்டுறதுக்கு சோப்புத்தூள்ல சேர்க்கிற சமாச்சாரமும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியா வெளியே விடும். நமக்கு அது வெள்ளை, மானுக்கு அது சீரியல் லைட்டு.

சரி, கதைக்கு வருவோம். விடியறதுக்கு முன்னாடியே மரத்தடியில போய் உக்காந்தாச்சு. மைனஸ் எட்டு டிகிரி. ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு வெள்ளைவால் மான் வந்துச்சு. நாப்பது அடி தூரம் இருக்கும். பெரியவர் மெதுவாத் துப்பாக்கியைத் தூக்கறார். எனக்கு மூக்கு ஒழுகுது. கையைத் தூக்கித் துடைச்சேன்.

"சர்ர்ர்க்."

அவ்ளோதான். மான் தலையைத் தூக்குச்சு, ரெண்டு காதும் என் பக்கம் திரும்புச்சு, வாலை வெள்ளைக்கொடி மாதிரி தூக்கிக்கிட்டு ஒரே தாவு. பெரியவர் ஒரு வார்த்தை திட்டலை. பிளாஸ்க்லேருந்து காபியை ஊத்திக் கொடுத்துட்டு, "அடுத்த வருஷம் கம்பளி வாங்கு"ன்னார்.

எனக்கு அவமானமாவும் இருந்துச்சு, அடக்க முடியாத சந்தோஷமாவும் இருந்துச்சு. என்னோட மட்டமான துணி ஒரு உசிரைக் காப்பாத்திடுச்சு!

அன்னிக்கு ராத்திரியே தாத்தாவுக்கு போன் போட்டேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார். "ஏலே, காட்டுக்குப் போறவன் புதுத்துணி போடுவானாலே? கஞ்சி போட்ட துணி போடுவானா? நடந்தா மொரமொரன்னு கேக்கும்லா!" அவங்க காலத்துல தொவைச்சுத் தொவைச்சு நைஞ்சு போன காக்கித் துணிதான் காட்டுக்குன்னு எடுத்து வைப்பாங்களாம். நீலம் போட்ட வெள்ளை வேட்டியை வீட்டுலயே மடிச்சு வெச்சிடணும். மலைமேல ராத்தங்கினா ஒரு கறுப்புக் கம்பளி. சாவிக்கொத்தையும் சில்லறையையும் துணியில முடிஞ்சு வைக்கணும். எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் படிக்காத மனுஷன் சொன்னது, விஸ்கான்சின் பெரியவர் சொன்னதோட அப்படியே ஒத்துப் போச்சு.

ஏன்னு பின்னாடி யோசிச்சுப் பாத்தேன். நைலான் இழை வழுவழுன்னு இருக்கும், நெசவு நெருக்கமா இருக்கும், தண்ணி புகாம இருக்க உள்பக்கம் ஒரு பூச்சு வேற. மொத்தத்துல அது துணி இல்லை, தப்பட்டைத் தோல் மாதிரி. லேசா உரசினாலும் அதிருது. குளிர்ல இன்னும் விறைச்சுக்கும். கம்பளி, ஃப்ளீஸ் எல்லாம் மேல பூமயிர் மாதிரி இழை நிக்கிற துணி. உரசுற சத்தத்தை அதுவே முழுங்கிடும். நம்ம காது 20 ஆயிரம் ஹெர்ட்ஸோட முடிஞ்சிடும், அதுவும் சின்ன வயசுல. மான் காது 30 ஆயிரத்தையும் தாண்டிக் கேக்கும். நமக்கு "சர்க்"னு கேக்கறது அதுக்கு எப்படிக் கேக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இப்ப எங்க ஊர்க்காரனா எனக்கு ஒரு மனக்கஷ்டம். எங்க ஊரே பஞ்சுல வாழுற ஊர். 1936-ல ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பிச்சதுலேருந்து நூல்தான் சோறு. பக்கத்துல சத்திரப்பட்டியில தறி தறியா பேண்டேஜ் துணி. ஆனா குளிர்காட்டுக்குப் பருத்தி ஆகாதுங்கறதை ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும். சத்தம் போடாது, நல்ல பிள்ளை. ஆனா நனைஞ்சா சூடு நிக்காது. மலை ஏறும்போது உடம்பு அடுப்பு மாதிரி எரியும், வேர்க்கும். மேல போய் அசையாம உக்காந்ததும் அடுப்பு அணைஞ்சிடும், ஈர பனியன் முதுகுல ஐஸ் கட்டியா ஒட்டும். கம்பளி தன் எடையில மூணுல ஒரு பங்கு ஈரத்தைக் குடிச்சாலும் உடம்புக்குச் சில்லுன்னு தெரியாது. அதனால உள்ள மெல்லிசா ஒரு கம்பளி பனியன், நடுவுல ஃப்ளீஸ், காத்து அடிச்சா மேல ஒரு கம்பளிப் போர்வை. ஏறும்போது கழட்டு, உக்காந்ததும் போடு. ஒரே தடியான கோட்டை விட மூணு மெல்லிசுத் துணி மேல். காதுக்கு மங்கி குல்லா (கிண்டல் பண்றவங்க பண்ணட்டும்).

"ராஜபாளையத்துல யாருடா மான் வேட்டைக்குப் போறான், இதெல்லாம் எதுக்கு?"ன்னு நீங்க கேக்கலாம். இங்கதான் நான் சொல்ல வந்ததே.

நம்ம நாட்டுல 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்தான் போகப் போக வேட்டைக் கதையை முடிச்சு வெச்சது. சுட்டாத்தான் வேட்டைன்னு இல்லை. கண்ணி வைக்கிறது, நாயை விட்டுத் துரத்துறது, இரை வெச்சு வரவழைக்கிறது, அதுக்கு முயற்சி பண்றது வரைக்கும் எல்லாமே அந்தச் சட்டத்துல வேட்டைதான். எங்க ஊர்ப் பேரைத் தாங்கின வெள்ளை நாய் வேட்டைக்குன்னே வளந்த ஜாதி. 2005-ல தபால்தலையில கூட வந்துச்சு. இன்னிக்கு அது வீட்டுக் காவலுக்குத்தான். எங்க பக்கத்து மலை 1988-ல சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆச்சு. 2021-ல மேகமலையோட சேர்த்து புலிகள் காப்பகம் ஆச்சு. தமிழ்நாட்டுக்கு அஞ்சாவது, நாட்டுக்கு 51-ஆவது. புலி இருக்கணும்னா மிளா இருக்கணும், புள்ளிமான் இருக்கணும். கணக்கு சிம்பிள்.

ஊர்ல சில பெருசுங்க இதை ஒரு இழப்பு மாதிரி பேசுவாங்க. "அந்தக் காலத்து ஆளுங்களுக்குக் காடு தெரியும்டா, இப்ப உள்ளவனுக்கு என்ன தெரியும்?"னு. பாதி சரி. வேட்டைக்காரனுக்குக் காடு தெரிஞ்சுதான் இருந்துச்சு. காத்து எந்தப் பக்கம், எந்தச் சருகு சத்தம் போடும், எந்தத் துணி சத்தம் போடாது எல்லாம் தெரியும். ஆனா அந்த அறிவு துப்பாக்கி இருந்தாத்தான் வரும்னு சொல்றீங்களே, அதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன். சத்தமில்லாம உக்காரத் தெரிஞ்சது ஒரு வித்தை. அதுக்கப்புறம் விசையை அழுத்துறதுல என்ன வித்தை இருக்கு?

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிடறேன். வேட்டை வேண்டாம்னு சொல்ற நம்ம தலைமுறை காட்டுக்கு எப்படிப் போறோம்? பளபள ஜெர்கின், ப்ளூ ஜீன்ஸ், பர்ர்ர்னு பிரிக்கிற வெல்க்ரோ பை, சிப்ஸ் பாக்கெட், போன்ல பாட்டு. மானைக் கொல்லலை, சரி. ஆனா மேய விடவும் இல்லை. ஒவ்வொரு தடவை அது தலையைத் தூக்கி ஓடும்போதும் வாயில இருக்கிற புல்லை விட்டுட்டுத்தான் ஓடுது. கொல்லாம இருந்துட்டா மட்டும் காட்டுக்கு மரியாதை செஞ்சதா ஆகிடாதுங்க.

போன டிசம்பர்ல தாத்தாவைக் கூட்டிக்கிட்டு மேகமலை போனேன். தேனி மாவட்டம் சின்னமனூர் வழியா பஸ் போற ரோடுதான், பயப்படாதீங்க. ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா ஆறு டிகிரி குறையும். மேகமலை சுமார் 1,500 மீட்டர். எங்க ஊர்ல விடிகாலை இருபதுன்னா அங்க பன்னெண்டு. எங்களுக்கு அதுவே விஸ்கான்சின்.

தாத்தாவுக்கு எண்பதைத் தாண்டிடுச்சு. பழைய கம்பளி, மப்ளர், நைஞ்ச காக்கிச் சட்டை. நான் திருப்பூர் ஃப்ளீஸ், பழுப்புக் காட்டன் பேண்ட். காலையில தேயிலைத் தோட்டத்து ரோட்டோரக் கல்லுல உக்காந்தோம். அரை மணி நேரம் ஒண்ணுமில்லை. பனி விலகினப்போ ஒரு பெண் மிளாவும் குட்டியும் தேயிலைக்கு ஓரமா வந்து நின்னுச்சு. மேயுது, நிமிர்ந்து பாக்குது, மறுபடி மேயுது. தாத்தா கை என் முட்டியை அழுத்திப் பிடிச்சிருந்துச்சு. அந்தக் கை நடுங்குச்சு. குளிரா வேற எதுவுமான்னு எனக்குத் தெரியலை.

கால் மணி நேரம் நின்னுட்டு அதுவாத்தான் போச்சு. நாங்க துரத்தலை.

ரொம்ப நேரம் கழிச்சு தாத்தா சொன்னார். "இவ்ளோ நேரம் ஒரு மிளாவை நான் பாத்ததே இல்லைடா."

அத்தனை வருஷம் காட்டுல திரிஞ்ச மனுஷன். "ஏன் தாத்தா?"ன்னேன்.

"அதுக்குள்ள சுட்டுருவோம்லா."

அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கலை.

அதனால மக்களே, இந்தக் குளிருக்கு மேகமலையோ கொடைக்கானலோ போறவங்க ராத்திரி ஒரு சின்ன டெஸ்ட் பண்ணுங்க. ஃபேனை அணைச்சிட்டு, போட்டுக்கிட்டுப் போற சட்டைக் கையைக் காது பக்கத்துல வெச்சு உரசிப் பாருங்க. உங்களுக்கே கேட்டா, மானுக்கு எப்பவோ கேட்டாச்சு. அந்தச் சட்டையைக் கழட்டி வெச்சிட்டு, பாட்டி பெட்டியில இருக்கிற பழைய ஸ்வெட்டரை எடுத்து மாட்டுங்க.

டிஸ்கி: அந்த நைலான் ஜெர்கினை நான் தூக்கிப் போடலை. பைக்ல ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கப் போகும்போது மழை பெஞ்சா அதுதான். பால்கோவாவுக்குக் காது கேக்காது :)