கோபுரத்தடிப் பெட்டிக்கு எந்த சிப்?

2021 டிசம்பர் 15 அன்று கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயா ஆகியவற்றின் சில பகுதிகளில் மலேசியாவின் 5ஜி சேவை தொடங்கியது. மூன்றே நாளில் ஷா ஆலம் செக்‌ஷன் 25-இல் உள்ள தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது. கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். மாடியிலும் கூரையிலும் ஏறி நின்றவர்களுக்குக் கைப்பேசிதான் துணை. உதவி கேட்டவர்களும் சரி, படகோடு வந்தவர்களும் சரி, வாட்ஸ்அப்பை நம்பித்தான் இருந்தார்கள். மின்சாரம் போனபிறகு ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற பொறியாளர் பாடம், அந்த வாரம் ஊர்ப் பாடமாகிவிட்டது.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் அடுத்தடுத்து வைப்பதற்குக் காரணம் உண்டு. தொலைத்தொடர்பு வலையமைப்புகள் மெல்ல மெல்லக் கணினிகளாக மாறிவருகின்றன. முன்பு தனிக் கருவிகள் செய்த வேலையை இப்போது சர்வர்கள் செய்கின்றன. அந்த சர்வர்களும் தலைநகரத் தரவு மையத்தை விட்டுக் கோபுரத்தடிக்கும் தொழிற்சாலை மூலைக்கும் வந்துகொண்டிருக்கின்றன. இதைத்தான் விளிம்புக் கணிமை என்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் எந்தப் புராசஸர் இருக்க வேண்டும் என்பதில் இன்டெல், ஏஎம்டி, ஆர்ம் என்று மூன்று முகாம்கள் மோதுகின்றன. (செயலி என்றால் இப்போது கைப்பேசி ஆப் என்றே பொருளாகிவிட்டதால், இங்கே புராசஸர் என்றே எழுதுகிறேன்.) ஜொகூரில் எழும் பிரம்மாண்டத் தரவு மையங்களைப் பற்றி நாடே பேசுகிறது. கோபுரத்தடிப் பெட்டியைப் பற்றிப் பேச ஆளில்லை. ஆனால் வெள்ள நாளில் நமக்குக் கைகொடுக்க வேண்டியது அந்தப் பெட்டிதான்.

ஏன் பக்கத்திலேயே வேண்டும்?

ரப்பரும் செம்பனையும் விளைந்த மண்ணில் எழுந்த ஊர் ஷா ஆலம். 1985-இல் முதல் புரோட்டோன் சாகா கார் வெளிவந்தது இங்கேதான். இங்குள்ள ஹைகாம் தொழிற்பேட்டையில் கன்வேயர் பெல்ட்டின் மேல் கேமரா மாட்டிப் பழுதான பொருளைப் பிரித்தெடுக்கும் ஒரு தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள். பெல்ட் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடுகிறது. படம் தொலைவில் உள்ள சர்வருக்குப் போய், ‘இது பழுது’ என்ற பதில் திரும்பிவர 100 மில்லி நொடி ஆனால், பொருள் அதற்குள் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். தள்ளிவிட வேண்டிய கை, பக்கத்துப் பொருளைத் தள்ளும்.

கேமராவாவது பொறுத்துக்கொள்ளும், கோபுரத்தின் ரேடியோ பொறுக்காது. 5ஜி அதிகம் பயன்படுத்தும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பொதுவாக அரை மில்லி நொடிக்கு ஒரு துண்டாகத் தரவு வருகிறது. வந்த துண்டைப் பிரித்து, பிழை திருத்தி, உடனே பதில் சொல்ல வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி நொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். ஆகவே இந்த வேலையைச் செய்யும் சர்வர் ஆண்டெனாவிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். ஷா ஆலம் கோபுரத்துக்கான சர்வரைக் கிள்ளானில் வைக்கலாம். கோலாலம்பூர் நடுவில் வைத்தால் இழுபறி. ஜொகூரில் வைக்கவே முடியாது.

அருகில் வைப்பதென்றால், குளிரூட்டிய பளிங்குக் கூடம் கிடைக்காது. சாலையோர அலமாரிதான் இடம். சர்வரின் ஆழம் குறைவாக இருக்க வேண்டும். கேபிள் எல்லாம் முன்பக்கமே வர வேண்டும், ஏனென்றால் பின்பக்கம் சுவர். மின்சாரம் 48 வோல்ட் நேர்மின்சாரம். நம் ஊர் இரண்டு மணி வெயிலில் அந்த இரும்புப் பெட்டியின் உள்வெப்பம் எவ்வளவு ஏறும் என்பது, பூட்டிய காரை வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பிவந்து கதவைத் திறந்தவர்களுக்குத் தெரியும்.

முகாம்களின் பலமும் பலவீனமும்

இந்தக் களத்தில் வெகுகாலமாக இன்டெல்தான் முன்னணியில் நிற்கிறது. ரேடியோ வேலையில் மிகக் கனமான பகுதி பிழைதிருத்தம். முன்பு அதற்கென்று தனி அட்டை செருக வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரியில் அந்த வேலையைப் புராசஸருக்குள்ளேயே சேர்த்த நான்காம் தலைமுறை ஜியான் சிப்பை இன்டெல் அறிமுகப்படுத்தியது. 2025 பிப்ரவரியில் ஜியான் 6 வரிசையில், வலையமைப்பு இணைப்பையும் உள்ளடக்கிய ஒற்றைச் சிப் வந்தது. முந்தைய தலைமுறையைவிட 2.4 மடங்கு வரை கூடுதல் திறன் என்பது இன்டெலின் கூற்று. ஓர் அட்டை குறைந்தால் மின்சாரம் குறையும், வெப்பம் குறையும், பழுதாவதற்கும் ஒன்று குறையும். அந்தக் கணக்கு நியாயமானதே.

ஏஎம்டி வேறு வழியில் வந்தது. 2023 செப்டம்பரில் வந்த எபிக் 8004 வரிசை, விளிம்புக்கும் தொலைத்தொடர்புக்கும் என்றே வடிவமைக்கப்பட்டது: 8 முதல் 64 கோர் வரை, 70 முதல் 225 வாட் வரை, ஒற்றை சாக்கெட். வெளிக் கருவிகளை இணைக்க 96 பிசிஐ தடங்கள். சிறிய இடத்தில் பல கோர்களைக் குறைந்த வாட்டில் அடைப்பதில் ஏஎம்டி கெட்டி. தொழிற்சாலைக் கேமரா, கடை வீடியோ, வலையமைப்பின் மென்பொருள் பாதை போன்ற வேலைகளுக்குப் பொருத்தமானது. ஆனால் ரேடியோவின் பிழைதிருத்தத்தை இதனிடம் கொடுத்தால் பொதுவாகத் தனி அட்டை வேண்டும். மிச்சம் பிடித்த வாட் அங்கே செலவாகிவிடலாம்.

மூன்றாவது முகாம், ஆர்ம் கட்டமைப்பு. ஆம்பியர் நிறுவனத்தின் ஆல்ட்ரா மேக்ஸ் 128 கோர் வரை தரும். என்விடியாவின் கிரேஸ் 72 கோர். கைப்பேசியில் பேட்டரியைச் சிக்கனப்படுத்திப் பழகிய மரபு இது. சிக்கல் மென்பொருளில். இன்டெல், ஏஎம்டி இரண்டும் பேசும் கட்டளை மொழி ஒன்று. ஆர்ம் பேசுவது வேறு. பழைய மென்பொருளைப் புதிதாகத் தொகுத்து, முழுவதும் மறுபடி சோதிக்க வேண்டும். அழைப்பு அறுந்தால் மலேசிய தொடர்பு பல்லூடக ஆணையம் கேள்வி கேட்கும் தொழிலில் இது சாதாரணச் செலவு இல்லை. ஆனாலும் காற்று அந்தப் பக்கமும் வீசுகிறது: 2025 அக்டோபரில் நோக்கியாவில் 100 கோடி டாலர் முதலிடுவதாக என்விடியா அறிவித்தது, ரேடியோ வலையமைப்பைத் தன் சிப்களுக்குக் கொண்டுவரத்தான்.

இவர்களைத் தவிர நான்காவதாக ஒரு தரப்பு இருக்கிறது. விளம்பரப் பட்டியல்களில் வராது. நம் நாட்டில் அதுதான் கண்முன் நிற்கிறது. டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் அமைத்த முதல் 5ஜி வலையமைப்பின் கருவிகள் எரிக்சனுடையவை. 2024 நவம்பரில் இரண்டாவது வலையமைப்புக்குத் தேர்வான யூ மொபைல், ஹுவாவே, இசட்டிஇ ஆகியோரோடு கைகோத்தது. எரிக்சன், ஹுவாவே, இசட்டிஇ மூன்றும் தங்கள் ரேடியோ கருவிகளுக்குத் தாங்களே சிப் வடிவமைப்பவை. ஒரே வேலைக்காக வார்க்கப்பட்ட சிப், அந்த ஒரு வேலையில் பொதுப் புராசஸரைவிடச் சிக்கனம். ஆனால் அதில் வேறு எதையும் ஓட்ட முடியாது. வேறொருவரின் மென்பொருளையும் ஏற்ற முடியாது.

வாட் என்பது மணி நேரம்

விற்பனையாளர்கள் காட்டும் வரைபடங்களில் வேகமே நாயகன். கோபுரத்தடியில் நாயகன் வாட். ஒரு சிறு கணக்கு போடுவோம். ஒரு பெட்டி மற்றொன்றைவிட 100 வாட் கூடுதலாக இழுக்கிறது என்றால், ஆண்டுக்கு 876 யூனிட். யூனிட்டுக்கு 45 சென் என்று வைத்தால் 394 வெள்ளி. பெரிய தொகை இல்லை என்று தோன்றும். 5,000 பெட்டிகளுக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட 20 லட்சம் வெள்ளி, ஒவ்வோர் ஆண்டும். அந்த வெப்பத்தை வெளியேற்றும் செலவு தனி.

பேட்டரிக் கணக்கு இன்னும் கூர்மையானது. 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 4.8 யூனிட் மின்சாரம் இருக்கும். ரேடியோவை விட்டுவிட்டு சர்வர் பெட்டிக்கு மட்டும் அதைக் கொடுத்தால், 300 வாட் பெட்டி 16 மணி நேரம் ஓடும். 400 வாட் பெட்டி 12 மணி நேரம். இழப்புகளைக் கழித்தால் இரண்டுமே குறையும், வித்தியாசம் ஏறத்தாழ அப்படியே நிற்கும். நான்கு மணி நேரம் என்பது கூரையில் நிற்பவருக்கு என்ன என்று ஸ்ரீ மூடாக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. சிப்பின் விவரத்தாளில் போட்டிருக்கும் வாட்டை மட்டும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. நினைவகம், மின்விசிறி, செருகிய அட்டை எல்லாம் சேர்ந்ததுதான் மொத்தம். போதாக்குறைக்கு, வலையமைப்பு மென்பொருள் தாமதத்தைத் தவிர்க்கப் புராசஸரைத் தூங்கவிடுவதில்லை. வாடிக்கையாளரே வராத நேரத்திலும் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும் கடைக்காரர் மாதிரி, தரவு வந்ததா வந்ததா என்று அது ஓயாமல் எட்டிப் பார்க்கும். அதிகாலை மூன்று மணிக்கு ஊரே உறங்கினாலும் மின்மீட்டர் உறங்காது. ஆகவே உச்ச நேர வேகத்தை ஒப்பிடுவதைவிட, ஆள் இல்லாத நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று ஒப்பிடுவதே இங்கே பயன் தரும்.

பத்து ஆண்டு உறவு

கைப்பேசியை மூன்று ஆண்டில் மாற்றிவிடலாம். வலையமைப்புக் கருவியை மாற்ற ஏழு, பத்து ஆண்டு ஆகும். எனவே சிப்பின் தரத்தோடு அதைச் செய்பவரின் ஆயுளையும் எடைபோட வேண்டியிருக்கிறது. 2024-இல் ஏறத்தாழ 1,900 கோடி டாலர் நட்டக் கணக்குக் காட்டியது இன்டெல். 2025 ஜூலையில், வலையமைப்புப் பிரிவையே தனி நிறுவனமாகப் பிரிக்கப்போவதாக அறிவித்து, ஆண்டு முடிவதற்குள் மனதை மாற்றிக்கொண்டது. ஆம்பியரை 650 கோடி டாலருக்கு வாங்குவதாக 2025 மார்ச்சில் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் அறிவித்தது. இன்று சிறந்தது எது என்பதற்குப் பதில் இருக்கிறது. 2033-இல் உதிரி அட்டையும் பாதுகாப்புத் திருத்தமும் தரப்போவது யார் என்பதற்கு எந்த வரைபடத்திலும் பதில் இல்லை.

இதில் மலேசியா வெறும் வாடிக்கையாளரும் இல்லை. 1972-இல் இன்டெல் தன் முதல் கடல்கடந்த ஆலையைப் பினாங்கில்தான் திறந்தது. ஏஎம்டியும் அதே ஆண்டு அதே தீவுக்கு வந்தது. பரம எதிரிகள் இருவருக்கும் அரை நூற்றாண்டாகச் சிப் பொதிந்தும் சோதித்தும் கொடுத்த கைகள் நம் நாட்டுக் கைகள். மூன்றாவது முகாமோடும் உறவு வந்துவிட்டது: 2025 மார்ச்சில், பத்து ஆண்டுகளில் 25 கோடி டாலர் கொடுத்து ஆர்ம் வடிவமைப்பு உரிமங்களைப் பெற அரசு ஒப்பந்தம் செய்தது. ஷா ஆலத்துக்குப் பக்கத்தில், பூச்சோங்கில், 2024 ஆகஸ்டில் சிப் வடிவமைப்புப் பூங்கா திறக்கப்பட்டது. 60,000 பொறியாளர்களை உருவாக்குவது தேசிய செமிகண்டக்டர் திட்டத்தின் இலக்கு. கம்ப்யூட்டர் படிப்பென்றால் ஆப் எழுதுவதுதான் என்று நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு, பூச்சோங் வரை போனால் வேறு வாசல் ஒன்று இருப்பது தெரியும்.

என் முடிவு

ரேடியோ வேலைக்கு மட்டும் என்றால், இன்றைய நிலையில் உள்ளேயே பிழைதிருத்தம் வைத்த இன்டெல் சிப் அல்லது கருவி நிறுவனத்தின் சொந்தச் சிப் முன்னால் நிற்கிறது. தொழிற்சாலைக்கும் கடைக்கும் மருத்துவமனைக்குமான விளிம்பு சர்வருக்கு ஏஎம்டியின் வாட் கணக்கு கவர்ச்சியானது. புதிதாக எழுதப்படும் மென்பொருளுக்கு ஆர்மைத் தயங்காமல் முயன்று பார்க்கலாம். ஒரே சிப்பை எல்லா இடத்திலும் போடுவதுதான் தவறான முடிவு. மென்பொருளை ஒரே முகாமின் மொழியில் எழுதிக் கட்டிக்கொள்வது அதைவிடத் தவறு. மாற்ற முடியாத வாடிக்கையாளருக்கு யாரும் தள்ளுபடி தருவதில்லை.

வாங்கப்போகிறவர்கள், தொலைத்தொடர்பு நிறுவனமோ தொழிற்சாலை முதலாளியோ, விற்பனையாளரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். 45 டிகிரி வெப்பத்தில் முழுப் பெட்டியும் எத்தனை வாட் இழுக்கும்? வேலையே இல்லாத அதிகாலையில் எத்தனை? நாளை வேறு சிப்புக்கு மாறினால் மென்பொருளில் எவ்வளவு பகுதியைத் திரும்ப எழுத வேண்டும்? இந்த மூன்றுக்கும் எண்ணாகப் பதில் வராவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம்.

மலேசிய தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கும் ஒரு வேண்டுகோள். 5ஜி எத்தனை விழுக்காடு மக்களை எட்டியது என்று சொல்வதோடு, மின்சாரம் போனால் கோபுரங்கள் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் வட்டாரவாரியாக வெளியிட வேண்டும். தாமான் ஸ்ரீ மூடாவிலிருந்தே தொடங்கலாம்.