மலையகக் கல்லூரிகளும் ஷொப்பிங் பைகளும்

கடைகளில் ஷொப்பிங் பைகளை இலவசமாக வழங்கக்கூடாது, அவற்றின் விலையைக் காட்சிப்படுத்துவதோடு பற்றுச்சீட்டிலும் குறிப்பிட வேண்டும் என்ற நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் உத்தரவு 2025 நவம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இதனை நாம் வரவேற்கின்றோம். ஆனால், பற்றுச்சீட்டை நம்பி நிற்கின்ற இந்த உத்தரவு பற்றுச்சீட்டே இல்லாத இடங்களில் எவ்வாறு செயற்படும் என்ற கேள்வியும் எழுகின்றது. தோட்டப்புறத்துச் சில்லறைக் கடைகளில் மாதச் சம்பளம் வரும்வரை கொப்பியில் கணக்கெழுதியே சாமான் வாங்குகின்றனர். அங்கு பைக்கென்று தனியாக இரண்டு ரூபாவோ ஐந்து ரூபாவோ யார் எழுதப்போகின்றார்கள்?

பொலித்தீனுக்கு எதிரான சட்டங்கள் நமது நாட்டுக்குப் புதியனவல்ல. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் கொண்ட பொலித்தீன் 2007 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட பின்னர், அதே ஆண்டு செப்டெம்பரில் லன்ச் ஷீட், ரெஜிபோம் உணவுப் பெட்டி, ஒருவகை ஷொப்பிங் பை ஆகியன தடைப் பட்டியலில் சேர்ந்தன. 2021இலும் 2023இலும் வேறு பொருட்கள் சேர்க்கப்பட்டன. இத்தனைக்குப் பிறகும் பை ஒழியவில்லை. ஒரு பையின் தடிப்பு 20 மைக்ரோனா 21 மைக்ரோனா என்பதைக் கடைக்காரரோ வாங்குபவரோ கண்ணால் கண்டறிய முடியாது. கருவியைக் கொண்டு அளந்து நிறைவேற்ற வேண்டிய சட்டம் கந்தோரோடு நின்றுவிடுவதில் வியப்பில்லை. விலை அப்படியல்ல, அது எவருக்கும் தெரியும். அயர்லாந்தில் 2002இல் ஒரு பைக்கு 15 சதம் அறவிடத் தொடங்கியதும் பாவனை பத்தில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கியது இதனாலேயே.

மலையகத்தில் இப்பிரச்சினைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் தமது நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இலேயே. முப்பது ஆண்டுகளாக வாக்களித்த மக்களுக்குக் குப்பை வண்டி அனுப்பும் கடமை சபைக்கு இருக்கவில்லை; தோட்ட நிர்வாகங்களும் அதனைத் தமது பொறுப்பாகக் கருதவில்லை. அதனால் லயத்தின் பின்புறத்து வாய்க்காலே குப்பைத் தொட்டியாயிற்று. எஞ்சியது அடுப்பு மூட்டப் பயன்பட்டது. அந்த நச்சுப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் விடிவதற்கு முன் எழுந்து சமைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களே. எனவே, பையை வீசும் தொழிலாளியைப் பார்த்து 'சுற்றாடல் உணர்வில்லாதவர்' என்று நகரத்தவர் முகம் சுளிப்பதை நாம் ஏற்பதற்கில்லை. வீசுவதற்கு வேறு இடத்தை அவருக்கு யாரும் காட்டவில்லை.

வாய்க்காலில் விழுந்தது அங்கேயே கிடப்பதுமில்லை. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களை நிரப்பும் ஓயாக்கள் களனி கங்கையின் தலையூற்றுகள். கொழும்பு மக்கள் அருந்தும் நீர் அந்தக் கங்கையிலிருந்தே அம்பத்தலையில் பெறப்படுகின்றது. கொத்மலை ஓயாவோ மகாவலிக்குச் செல்கின்றது. பாவா ஆதம் மலை என்று முஸ்லிம்களும் சிவனொளிபாதமலை என்று இந்துக்களும் போற்றும் மலையின் அடிவாரத்தில் டிசம்பர் முதல் மே வரை யாத்திரிகர்கள் விட்டுச்செல்லும் பொலித்தீனும் இந்த நீரேந்துப் பகுதியில்தான் சேருகின்றது. கிழக்கில் அம்பாறை, பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கை உண்டு எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளியாகியிருந்தன.

இந்நிலையில் கல்லூரி வளாகங்களை நாம் ஏன் குறிப்பாகச் சுட்டிக்காட்டுகின்றோம்? பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்குவதற்காக ஜேர்மனிய உதவியுடன் பத்தனையில் அமைக்கப்பட்டது ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. ஆசிரிய மாணவர்கள் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் பயின்று, மூன்றாம் ஆண்டில் கட்டுறுப் பயிற்சிக்காகப் பாடசாலைகளுக்குச் செல்கின்றனர். விடுதி என்பது ஒரு சிறிய ஊர். அங்கு என்ன வாங்கப்படுகின்றது, எதில் சுற்றிக் கொடுக்கப்படுகின்றது என்பதை நிர்வாகமும் மாணவர் ஒன்றியமும் சேர்ந்தே தீர்மானிக்கலாம். சிற்றுண்டிச்சாலைக் குத்தகை ஒப்பந்தத்தில் 'பையில் கட்டிக் கொடுக்கலாகாது' என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. அங்கு இரண்டு ஆண்டுகள் பையின்றிப் பழகிய ஆசிரியர் தோட்டப் பாடசாலைக்குச் செல்லும்போது, அவர் கையிலிருக்கும் சாப்பாட்டுப் பெட்டியைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். சுவரொட்டியைப் பிள்ளைகள் வாசிப்பதில்லை என்பது ஆசிரியர்களுக்கும் தெரிந்த விடயமே.

இதற்கு முன்னுதாரணமும் தேயிலை மலையிலேயே உண்டு. தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில் 2000களின் தொடக்கத்தில், அப்போதைய மாவட்ட ஆட்சியர் சுப்ரியா சாகு பிளாஸ்டிக் பைகளுக்கு எதிரான இயக்கத்தை முன்னெடுத்தார். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் நமது மலையகத்திலிருந்து சென்ற குடும்பங்கள் பல குடியேறியதும் அதே நீலகிரியில்தான். தமிழ்நாடு முழுவதற்குமான தடை 2019 ஜனவரியிலும், 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பரிலும் வந்தன. மலை மாவட்டம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முந்திக்கொண்டது.

எனினும், ஒரு விழா வைத்து அதிதிகளை அழைத்து, கல்லூரிச் சின்னம் பொறித்த துணிப்பைகளை வழங்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவோருக்கு ஒன்றைக் கூற விரும்புகின்றோம். பருத்தித் துணிப்பை ஒன்று, புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை, சாதாரண மெல்லிய பையைவிடச் சிறந்ததாக வேண்டுமானால் அதனை 131 தடவைகள் பாவிக்க வேண்டும் என்று பிரித்தானியச் சுற்றாடல் முகவரகம் 2011இல் கணித்தது. அலுமாரியில் உறங்கும் துணிப்பையால் எவருக்கும் பயனில்லை. மேலும், மலையக மழையில் துணிப்பையில் அரிசியும் மாவும் கொண்டுசெல்வது எவ்வளவு சிரமம் என்பது கொழும்பிலிருந்து ஆலோசனை சொல்வோருக்குத் தெரிவதில்லை. அரிசி மூட்டையையும் உரப்பையையும் கழுவித் தைத்துப் பிடி வைத்த பைகளை நமது தாய்மார் நெடுங்காலம் பாவித்தனர். மழைக்குத் துணிப்பையைவிட அவை ஈடுகொடுக்கும், கழுவவும் இலகு. வெளியிலிருந்து புதுப்பைகளைக் கொள்வனவு செய்வதைவிட விடுதிச் சமையலறையில் மிஞ்சும் அரிசிச் சாக்குகளைத் தைப்பது செலவு குறைந்தது. மனையியல் பாடம் பயிலும் மாணவர்களுக்கு அது ஒரு பயிற்சியாகவும் அமையும்.

வளாகத்துக்கு வெளியே கோவில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் இதில் பங்குண்டு. அன்னதானமும் உழ்ஹிய்யா இறைச்சியும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் செல்பவை. பாத்திரத்துடன் வருமாறு ஒரு வாரம் முன்னதாக அறிவித்தால் பெரும்பாலானோர் கொண்டுவருவர். 'டித்வா' புயலின் போது மலையகம் பட்ட அவலத்துக்குப் பொலித்தீனைக் காரணம் காட்டுவது நேர்மையாகாது. ஆயினும், சரிவான நிலத்தில் வடிகான் அடைபட்டால் மழைநீர் மண்ணுக்குள்ளேயே இறங்கும் என்பதை மண்சரிவு அபாயத்துடன் வாழும் மக்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

33ஆம் பிரிவு திருத்தப்பட்ட 2018ஆம் ஆண்டிலேயே நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய பிரதேச சபைகளும் இயங்கத் தொடங்கின. சட்டத்தில் இருந்த தடை அன்றே நீங்கிவிட்டது. தோட்டந்தோறும் வாரத்துக்கு ஒரு நாளாவது உழவு இயந்திரம் ஒன்று சென்று குப்பை சேகரிப்பதற்குத் தமது வரவு செலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கியுள்ளன என்பதை இச்சபைகள் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.